மணல் அணை கட்டப் போகிறவர்களுக்கு: கென்யாவின் உகாம்பானியில் தன்னார்வப் பணி

நைரோபியிலிருந்து மொம்பாசா நெடுஞ்சாலையில் தென்கிழக்கே இறங்கினால் மச்சாகோஸ், மக்குவேனி என்ற கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) வரும். அவற்றுக்குக் கிழக்கே கிடுயி. கம்பா மக்களின் ஊர்களான இந்த மூன்றையும் சேர்த்து உகாம்பானி என்பார்கள். இங்கே ஆறுகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றில் தண்ணீருக்குத்தான் பஞ்சம். மழை பெய்த சில நாட்களுக்கு மட்டும் கரைபுரண்டு ஓடிவிட்டு, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும். பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. மணலில் ஊற்று தோண்டி, ஊறுகிற நீரை மொண்டு, 20 லிட்டர் மஞ்சள் கேன்களில் நிரப்பிக் கழுதை முதுகில் ஏற்றிப் போகும் பெண்களைப் போகிற வழியிலேயே பார்க்கலாம்.

இந்த ஊர்களில் மணல் அணை (ஆற்று மணலைத் தேக்கி அதற்குள் தண்ணீரைச் சேமிக்கும் கல்சுவர்) கட்டுவதிலும், மண் அரிக்காமல் சரிவான நிலத்தில் வரப்புப் படி அமைப்பதிலும் உதவி செய்யப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆப்பிரிக்கா முழுமைக்குமான அறிவுரை இதில் இல்லை. அந்தக் கண்டத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன, ஒன்றின் வழக்கம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

1. போகத்தான் வேண்டுமா என்று கணக்குப் போடுங்கள்

சென்னையிலிருந்து நைரோபி போய் வரும் டிக்கெட் காசில் அங்கே ஏறத்தாழ நூறு மூட்டை சிமெண்ட் வாங்கலாம். கல்லும் மணலும் உழைப்பும் ஊர்க்காரர்களிடமே இருக்கின்றன. சிமெண்டுக்கும் கம்பிக்கும்தான் அவர்கள் வெளியே கையேந்த வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த நூறு மூட்டைக்கு ஈடாக நீங்கள் எதைக் கொண்டுபோகிறீர்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

நில அளவை, கட்டுமானப் பொறியியல், பம்பு பழுது பார்ப்பது, கணக்கு எழுதுவது, வேளாண்மை, செவிலியம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கைவசம் இருந்தால் தாராளமாகப் போகலாம். எதுவும் தெரியாது, இரண்டு கைகள் இருக்கின்றன என்பவரும் போகலாம். ஆனால் இரண்டு மூன்று மாதமாவது தங்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு வந்து போகிறவரால் ஊருக்குச் செலவுதான். அவருக்கு ஒருவர் சமைக்க வேண்டும், ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும், ஒருவர் கூடவே நடக்க வேண்டும். வேலை பிடிபடும் நேரத்தில் அவர் கிளம்பிவிடுவார்.

2. பருவம் பார்த்துத் தேதி குறியுங்கள்

உகாம்பானியில் இரண்டு மழைக்காலங்கள். மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுமழை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்தப் பகுதியில் உழவர்கள் நம்பி விதைப்பது குறுமழையைத்தான். 2020 கடைசியில் தொடங்கி 2022 வரை அடுத்தடுத்து ஐந்து மழைக்காலங்கள் பொய்த்தன என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சந்திக்கப்போகிற பல குடும்பங்கள் அப்போது ஆடு மாடுகளை இழந்தவை.

அணை கட்டும் வேலை ஆறு வறண்டிருக்கும்போதுதான் நடக்கும். ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை அதற்கு நல்ல காலம். அக்டோபர் நடுவில், முதல் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுவார்கள். நவம்பரில் களையெடுப்பு. அந்த நேரத்தில் அணை வேலைக்கு ஆள் வரவில்லை என்று சலித்துக்கொள்வதில் பொருளில்லை. ஆகஸ்டில் போய் நவம்பர் முடிந்து திரும்பினால் கட்டுவது, விதைப்பது, வெள்ளம் வருவது மூன்றையும் பார்த்துவிடலாம்.

3. யார் மூலமாகப் போவது

மணல் அணையில் பல ஆண்டு அனுபவமுள்ள அமைப்புகள் அங்கேயே இருக்கின்றன. ஜோஷுவா முகுஸ்யா 1978-இல் மச்சாகோஸில் தொடங்கிய உட்டூனி அமைப்பு, கிடுயியில் நூற்றுக்கணக்கான அணைகளுக்குத் துணைநின்ற சாசோல், ஆப்பிரிக்கா சாண்ட் டேம் ஃபவுண்டேஷன் ஆகியவை தெரிந்த பெயர்கள். இவை எல்லா நேரத்திலும் வெளிநாட்டுத் தன்னார்வலரை எடுத்துக்கொள்ளும் என்று பொருளல்ல. எந்த வகை வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இவற்றிலிருந்து தொடங்குங்கள். அங்கே அணைக்கு உரிமையாளர் இந்த அமைப்புகளும் அல்ல, ஊரிலுள்ள சுயஉதவிக் குழுதான். சேர்ந்து உழைக்கும் குழுவை ம்வேத்யா என்பார்கள். ஒருவர் நிலத்துக்கு எல்லோரும், எல்லோர் நிலத்துக்கும் ஒவ்வொருவர் என்று முறைவைத்து உழைக்கும் பழைய ஏற்பாடு அது.

தன்னார்வலரிடம் பணம் வாங்கி அனுப்பிவைக்கும் முகமைகளும் உண்டு. பணம் வாங்குவதே தவறு என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஆகும் சோறும் தங்குமிடமும் யாரோ ஒருவர் கொடுப்பதுதான். ஆனால் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: என் கட்டணத்தில் ஊர்க்குழுவுக்கு எவ்வளவு போகிறது? நான் வராவிட்டால் இந்த வேலை நடக்குமா? மூன்று ஆண்டுக்கு முன் கட்டிய அணை ஒன்றின் இன்றைய நிலை என்ன? மூன்றாவது கேள்விக்குப் படத்தோடு பதில் வந்தால் அந்த அமைப்பை நம்பலாம். ஒரே பயணத்தில் காலை அணை, மாலை அனாதை இல்லம், வார இறுதியில் சஃபாரி என்று விற்பவர்களிடம் போக வேண்டாம்.

4. தாள்கள், ஊசிகள்

கென்யா 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் இணையவழி முன் அனுமதி வாங்கச் சொல்கிறது. சுற்றுலாவுக்கு அது போதும், தன்னார்வப் பணிக்குப் போதாது. சம்பளமில்லாத வேலையையும் அங்கே வேலை என்றே கணக்கில் கொள்வார்கள். குறுகிய காலத்துக்கு ஸ்பெஷல் பாஸ், நீண்ட காலத்துக்கு வேலை அனுமதி என்று உங்களை அழைக்கும் அமைப்பு குடிவரவுத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். ‘சுற்றுலா என்று சொல்லி வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்று எந்த அமைப்பாவது சொன்னால், சிக்கல் வரும்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கென்யாவிலிருந்து திரும்புகிறவரிடம் அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். டெட்டனஸ், டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ ஊசிகளையும் மலேரியா மாத்திரையையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். உகாம்பானியின் மேட்டுப் பகுதிகளில் மலேரியா குறைவு, கிப்வேசி போன்ற தாழ்ந்த பகுதிகளில் கூடுதல்.

5. பை

பாலித்தீன் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2017 ஆகஸ்ட் முதல் கென்யாவில் அவற்றுக்குத் தடை, அபராதமும் கடுமை. அம்மா ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிக் கொடுத்த பையும் அதில் அடங்கும்.

தடித்த அடிப்பாகம் உள்ள மூடிய காலணி அவசியம். வேல முள் செருப்பைத் துளைத்துவிடும். கல் தூக்க வேலைக் கையுறை வேண்டும். கற்குவியலுக்கு அடியில் தேளும், பஃப் ஆடர் என்னும் விரியன் இனப் பாம்பும் கிடக்கக்கூடும். ஆகவே முதலில் கடப்பாரையால் புரட்டுங்கள், பிறகு கையை வையுங்கள். தொப்பி, தலைவிளக்கு, முழங்கால் மறைக்கும் உடை போதும். பழைய சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம். மித்தும்பா என்ற பழந்துணிச் சந்தை அங்கே ஊருக்கு ஊர் இருக்கிறது.

6. முதல் வாரம்

போனவுடன் சிம் கார்டும் அதில் எம்-பேசா கணக்கும் எடுத்துவிடுங்கள், பாஸ்போர்ட் காட்டினால் போதும். 2007-இல் தொடங்கிய இந்தக் கைப்பேசிப் பணமுறை இல்லாமல் தேநீர்க் கடையில்கூடக் காலம் தள்ள முடியாது. ஊர்களுக்கு இடையே மட்டாட்டு வேன், அதற்கு அப்பால் போடா போடா மோட்டார் சைக்கிள்.

நேரம் சொல்வதில் கவனம் தேவை. சுவாஹிலிக் கணக்கில் பொழுது விடிந்த பிறகுதான் மணி எண்ணத் தொடங்குகிறார்கள். நம் 8 மணி அவர்களுக்கு 2 மணி. ‘சா ம்பிலி’க்கு, அதாவது 2 மணிக்கு, கூட்டம் என்றால் மதியம் வராதீர்கள், காலையில் எட்டுக்கு வந்துவிடுங்கள்.

அரசு நியமித்த சீஃப், அவருக்குக் கீழே துணை சீஃப், ஊர்ப் பெரியவர் என்று அடுக்கு உண்டு. வேலைக்கு இறங்கும் முன் அவர்களைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட வேண்டும். பிறகு பராசா என்ற பொதுக்கூட்டத்தில் உங்களை நிற்கவைத்து அறிமுகம் கேட்பார்கள். பெயர், ஊர், என்ன தெரியும், எத்தனை நாள் இருப்பேன் என்ற நான்கைச் சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். வாக்குறுதி எதுவும் தரக் கூடாது. ‘முயற்சி செய்கிறேன்’ என்று நீங்கள் மரியாதைக்குச் சொன்னதை நூறு பேர் ஒப்பந்தமாக எடுத்துக்கொள்வார்கள். கம்பா மொழியில் நன்றி சொல்ல ‘நிமுவேயா’. சபை சிரித்துவிடும், பிறகு பேச்சு எளிதாகும்.

7. அணை

மணல் அணை என்றால் மணலால் கட்டிய அணை என்று பலர் நினைக்கிறார்கள். சுவர் கல்லாலும் சிமெண்டாலும் ஆனது, ஆற்றுக்குக் குறுக்கே பாறை மீது நிற்பது. வெள்ளம் வரும்போது பருமணல் கனம் தாங்காமல் சுவருக்குப் பின்னால் படிகிறது, நுண்ணிய வண்டல் சுவரைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒரு மழைக்காலத்திலோ சில மழைக்காலங்களிலோ பின்புறம் முழுதும் மணலால் நிறைந்துவிடும். அந்த மணலின் இடுக்குகளில்தான் தண்ணீர் நிற்கிறது. இரண்டு மூன்று அடிக்குக் கீழே உள்ள நீரை வெயில் குடிக்க முடியாது, கொசு முட்டையிட முடியாது, மாடு இறங்கிக் கலக்க முடியாது.

இதை நம்பாதவர்களுக்கு, உங்களுக்கே சந்தேகம் இருந்தாலும், ஒரு வாளிச் சோதனை உண்டு. 20 லிட்டர் வாளியில் அந்த ஆற்றின் காய்ந்த பருமணலை விளிம்புவரை நிரப்புங்கள். ஒரு லிட்டர் குவளையால் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று… மணல் குடித்துக்கொண்டே இருக்கும். நல்ல மணலாக இருந்தால் மேலே பளபளப்புத் தெரிவதற்குள் ஆறேழு குவளை இறங்கியிருக்கும். அதாவது கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு. அதே சோதனையைக் களிமண் கலந்த வண்டலில் செய்தால் தண்ணீர் மேலேயே தேங்கி நிற்கும், இறங்கினாலும் பிறகு எடுக்க வராது. ஊர்க்கூட்டத்தில் விளக்கப்படம் காட்டி ஒரு மணி நேரம் பேசுவதைவிட இந்த வாளி மேல்.

இடம் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. வறட்சியிலும் வற்றாத ஊற்று எங்கே, எந்தத் திருப்பத்தில் அத்தி மரங்கள் கோடையிலும் பச்சையாக நிற்கின்றன என்று வயதான பெண்களைக் கேளுங்கள். அவர்கள் காட்டிய இடத்தில் இரும்புக் கம்பியை மணலில் அடித்து இறக்கிப் பாறை எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று ஆற்றின் அகலம் முழுக்க அளக்க வேண்டும். கம்பியின் உடலில் வெட்டியிருக்கும் சிறு குழிகளில் ஒட்டிக்கொண்டு வரும் மண்ணைப் பார்த்தால் கீழே இருப்பது மணலா வண்டலா என்று தெரிந்துவிடும். அளவுகளை ஒழுங்காகக் குறித்து வைப்பது புதியவர் முதல் நாளே எடுத்துக்கொள்ளக்கூடிய வேலை.

சுவர் எழுப்பும் நாட்களில் ஃபுண்டி என்கிற மேஸ்திரிதான் தலைவர். பொறியாளராக இருந்தாலும் அவர் சொல்வதைச் செய்யுங்கள். பாறையில் துளையிட்டுக் கம்பி நடுவது, பலகை அடைப்பது, கல்லையும் சாந்தையும் அடுக்கடுக்காக இட்டு இடையிடையே முள்கம்பி பரப்புவது என்று வேலை போகும். கற்களைக் கைமாற்றிக் கொண்டுவரும் வரிசையில் பெரும்பாலும் பெண்கள்தான் நிற்பார்கள். அவர்கள் பாட்டுக்கேற்ற கதியில் கல் நகரும். நடுவில் ஓர் இடம் கேட்டு வாங்கி நில்லுங்கள். கடைசியில் நின்றால் அடுக்கத் தெரியாது, முதலில் நின்றால் வேகத்தைக் கெடுப்பீர்கள்.

இரண்டு இடத்தில் அணை கெடும். சுவரின் இரு சிறகுகளும் கரைக்குள் போதுமான தூரம் நுழையாவிட்டால் ஆறு பக்கவாட்டில் மண்ணை அரித்துக்கொண்டு சுற்றிப் போய்விடும். அடித்தளம் பாறையைத் தொடாவிட்டால் கீழே கசியும். சிமெண்ட் குறைகிறது என்று சிறகைச் சுருக்கலாமா என்ற பேச்சு எழுந்தால், அப்போது மட்டும் வாயைத் திறந்து எதிர்த்துப் பேசுங்கள்.

பிறகு கியூரிங். புதுச் சுவரைத் தொடர்ந்து மூன்று நான்கு வாரம் ஈரமாக வைத்திருக்க வேண்டும். தண்ணீரே இல்லாத ஊரில், தண்ணீருக்காகக் கட்டிய சுவருக்குக் கழுதை முதுகில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவது யாருக்கும் பிடிக்காத வேலை. படம் எடுக்கவும் அதில் ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்து ஒரு தன்னார்வலர் செய்யக்கூடிய மிக உருப்படியான வேலை இதுதான்.

ஆற்றுப்படுகையில் கூடாரம் அடிக்காதீர்கள், சிமெண்ட் மூட்டையையும் இரவில் விட்டுவைக்காதீர்கள். இங்கே ஒரு துளி விழாமலேயே மேற்கே பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும்.

இன்னொரு தலைவலி நமக்கு நன்கு பழகியது. நைரோபிக் கட்டடங்களுக்காக உகாம்பானி ஆறுகளில் லாரி லாரியாக மணல் அள்ளப்படுகிறது. மணல் போனால் அணை வெறும் சுவர். மக்குவேனி கவுண்டி 2015-இல் மணல் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமே இயற்றியது. ஆனாலும் அள்ளுவது நடக்கிறது, அது ஆபத்தான தொழிலும்கூட. இரவில் லாரிச் சத்தம் கேட்டால் வெளியே போய்ப் படம் எடுக்க வேண்டாம். குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

8. நிலம்

மேட்டில் மண் அரிப்பு நிற்காவிட்டால் அணைக்குப் பின்னால் மணலுக்குப் பதில் வண்டல் சேரும். ஆகவே நல்ல அமைப்புகள் அணைக்கு முன்பே வரப்புப் படிகளைத் தொடங்கச் சொல்லும். ஃபான்யா ஜூ என்பது அங்குள்ள முறை. சரிவுக்குக் குறுக்கே சமமட்டக் கோட்டில் சுமார் 60 செ.மீ. அகலமும் அதே ஆழமும் உள்ள வாய்க்கால் வெட்டி, மண்ணைக் கீழே தள்ளாமல் மேற்புறமாக வீசி வரப்பாக்குவார்கள். வரப்பில் நேப்பியர் புல் நடுவார்கள். மண்ணும் பிடிக்கும், மாட்டுக்கும் தீவனம். மழைக்கு மழை மண் சேர்ந்து நிலம் தானாகப் படிப்படியாகிவிடும். மேல்நோக்கி மண் வீசுவது இடுப்பை ஒடிக்கும் வேலை. முதல் நாளிலேயே வீரம் காட்டினால் மறுநாள் படுக்கைதான். மட்டக்கோடு போடுவதில் உதவுங்கள். ஏ வடிவச் சட்டமோ, கயிறும் ரசமட்டமுமோ போதும்.

பயிர்களைப் பார்த்தால் நமக்குச் சொந்த ஊர் நினைவு வரும்: மக்காச்சோளத்தோடு துவரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு. துவரை நம் நாட்டுக்கும் ஏற்றுமதியாகும் பண்டம். 2017-இல் இந்தியா துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு விதித்தபோது கிழக்கு ஆப்பிரிக்க உழவர்கள் விலை சரிந்து தவித்தார்கள். உங்களை இந்தியர் என்று அறிந்ததும் யாராவது அதைப் பற்றிக் கேட்டால் சிரித்து மழுப்பாதீர்கள்.

‘மக்காச்சோளத்தை விட்டுவிட்டு வெள்ளைச் சோளமும் கம்பும் போடுங்களேன், வறட்சி தாங்குமே’ என்று அறிவுரை சொல்லத் தோன்றும். அவர்களுக்கும் அது தெரியும். கதிர் முற்றும் நேரத்தில் குருவிக் கூட்டத்தை விரட்டக் காலை முதல் மாலை வரை ஆள் வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள், ஆள் எங்கே? சோளக்கொல்லைக் காவலைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புரியும். மக்காச்சோளப் படைப்புழு 2017-இல் கென்யாவுக்கும் அடுத்த ஆண்டு நமக்கும் வந்த தொல்லை. அதைப் பற்றி நம்மூர் உழவர்கள் கற்றதை, கேட்டால் மட்டும், பகிர்ந்துகொள்ளலாம். குருத்துக்குள் மணலோ சாம்பலோ போடுவது அங்கேயும் வழக்கத்தில் இருக்கிறது.

9. அடிபம்பும் நோட்டும்

அணைக் கரையில் கிணறு வெட்டி அடிபம்பு வைத்திருந்தால் அது பெரும்பாலும் ஆஃப்ரிடெவ் ஆக இருக்கும். நம் தெருக்களில் நிற்கும் இந்தியா மார்க் 2-ஐவிடப் பழுது பார்க்க எளிது. பூமிக்குள் இருக்கும் குழாயை வெளியே எடுக்காமலேயே உள்ளிருக்கும் தண்டுகளை மேலே இழுத்துவிடலாம், ஒரே ஒரு ஸ்பேனர் போதும். பலமுறை அடித்த பிறகே தண்ணீர் வருகிறதென்றால் அடி வால்வைப் பாருங்கள். அடிக்க அடிக்கக் குறைவாகவே வருகிறதென்றால் யூ சீல் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். அதன் விலை சொற்பம், ஆனால் பக்கத்துச் சந்தையில் கிடைக்காது. பம்பு மாதக்கணக்கில் கிடப்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு துண்டு ரப்பருக்காகத்தான்.

நீங்கள் கழற்றி மாட்டாதீர்கள். குழுவில் இரண்டு பெண்களைக் கழற்றி மாட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். உதிரிபாகத்துக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதாமாதம் சேர்க்கும் பணத்துக்கு ஒரு நோட்டு இருக்கும், அல்லது இருக்க வேண்டும். வரவு, செலவு, இருப்பு என்று மூன்று கட்டம், எழுதும் மொழி அவர்களுடையது.

10. பணம், படம், சாப்பாடு

பள்ளிக் கட்டணம், மருந்து என்று தனியாகக் கேட்பவர்கள் வருவார்கள். கேட்பது அங்கே அவமானமில்லை, மறுப்பதும் அவமானமில்லை. கொடுக்க நினைத்தால் குழு வழியாகக் கொடுங்கள். ஒருவருக்குக் கொடுத்த செய்தி மாலைக்குள் மலை தாண்டிப் போய்விடும். பிள்ளைகளைப் படமெடுக்கும் முன் தாயைக் கேளுங்கள்.

சைவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். குத்தித் தோல் நீக்கிய மக்காச்சோளத்தைப் பயறோடு வேகவைத்த முதோக்கோய், மக்காச்சோள மாவுக் களியான உகாலி, கீரை, சப்பாத்தி, இனிப்பான பால் தேநீர் எல்லாம் உண்டு. ஆனால் இறைச்சி உண்ண மாட்டேன் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். விருந்தாளிக்காகக் கோழி அறுத்த பிறகு சொன்னால் அந்த வீட்டுக்கு நஷ்டம். குளிக்க அரை வாளிக்கு மேல் எடுக்காதீர்கள். ஊற்று நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

11. கிளம்பும்போது

கையுறை, தலைவிளக்கு, காலணி எல்லாவற்றையும் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு வரலாம். அளவுக் குறிப்புகளின் ஒரு படி குழுவிடமும் ஒரு படி அமைப்பிடமும் இருக்கட்டும். பிரிவுபசாரக் கூட்டத்தில் பேச்சுகள் நீளும், ஆடு ஒன்றுகூட அறுபடலாம். ‘மறுபடி எப்போது வருவாய்’ என்று கேட்பார்கள். தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு முதல் வெள்ளம் வடிந்ததும் குழுச் செயலாளருக்கு ஒரு செய்தி அனுப்பிச் சுவருக்குப் பின்னால் படிந்திருப்பதை ஒரு கை அள்ளிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விரல் இடுக்கில் உதிர்ந்தால் மணல். பிசுபிசுவென்று ஒட்டினால் வண்டல், மேட்டில் வரப்பு போதவில்லை. அடுத்த ஜூனில் சிமெண்டுக்குப் பணம் அனுப்ப நினைத்திருந்தால், அதை மண்வெட்டிக்கும் நேப்பியர் கரணைக்கும் மாற்றி அனுப்புங்கள்.